சாவி கேட்டால் போனைக் காட்டுகிறார்கள்

"எல்லாப் படமும்தான் போன்லயே வருதே சார், இதுக்கு எதுக்கு மண்டபம்?"

மாதம் ஒரு படம் போட்டுப் பார்த்துப் பேசுகிற எங்கள் குழுவுக்காக, நாங்கள் முன்பு படம் போட்ட மண்டபத்தின் சாவியைக் கேட்கப் போனபோது, அதன் நிர்வாகி நேற்று என்னிடம் கேட்டது இது. கேட்டதோடு விடாமல், மேசை மேலிருந்த தன் போனை எடுத்து ஆட்டியும் காட்டினார். ஐந்து வருடத்துக்கு மேலாக இதே கேள்வியை எத்தனை பேர் வாயால் கேட்டுவிட்டேன்! வாடகை நாற்காலிக்காரர், முன்பெல்லாம் நன்கொடை கொடுத்துக்கொண்டிருந்த கடைக்காரர், எங்கள் குழுவிலேயே இருந்த இரண்டு பேர். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாயிற்று. இன்றைக்குக் கொட்டித் தீர்த்துவிடுகிறேன்.

ஈரோட்டிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் எங்கள் ஊர். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, மாலை ஆறு மணி, ஒரு படம். ஏழு வருடம் ஒரு மாதம்கூட விட்டதில்லை. டிக்கெட் கிடையாது. வாசலில் ஒரு தகர உண்டியல் இருக்கும், முடிந்தவர் போடலாம். திரை, தையல்காரரிடம் சொல்லி வெள்ளைத் துணிக்கு நான்கு பக்கமும் கறுப்புக் கரை வைத்துத் தைத்தது. அறுபது நாற்காலி போட்டால் குறைந்தது ஐம்பது நிறையும். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு, சுக்குக் காபியோடு ஒரு மணி நேரம் பேசுவோம்.

கடைசியாகப் படம் போட்டது 2020 மார்ச் 8. மார்ச் 17 அன்று தமிழ்நாட்டில் தியேட்டர்களை மூடினார்கள், 25ஆம் தேதி நாடே அடைபட்டது. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. உயிர் பிழைத்தால் போதும் என்று இருந்த நேரம் அது. மூடியது சரி. திறக்காமலே விட்டதுதான் தாங்கவில்லை.

எது எது எப்போது திறந்தது என்று எனக்குத் தேதி தேதியாக மனப்பாடம். 2020 மே 7 எங்கள் பக்கம் மதுக்கடைகள் திறந்தன. நீதிமன்றம் மூடச் சொன்னது. விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போய், மே 16 மறுபடி திறந்துவிட்டார்கள். பத்தே நாள்! நவம்பர் 10 தியேட்டர்கள் பாதி இருக்கையோடு திறந்தன. 2021 ஏப்ரல் 6 தேர்தல். அதற்கு முந்தைய மாதம் முழுக்க, எங்களுக்கு இல்லை என்ற இதே மண்டபத்தில் பூத் கமிட்டிக் கூட்டம். முகக்கவசம் தாடையில் தொங்க, தோளோடு தோள் இடித்துக்கொண்டு பிரியாணிப் பந்தி. அப்புறம் இரண்டாம் அலை. ஏப்ரல் 26 தியேட்டர்களை மறுபடி மூடினார்கள், ஆகஸ்ட் 23 திறந்தார்கள், நவம்பர் 1 முதல் எல்லா இருக்கைக்கும் அனுமதி. ஒவ்வொரு தேதிக்கும் நான் போய் நின்றேன். "கொஞ்சம் பொறுங்க சார், இன்னும் தெளிவா உத்தரவு வரல." கல்யாணத்துக்கு வந்தது, வளைகாப்புக்கு வந்தது, எங்களுக்கு மட்டும் அந்த உத்தரவு வரவே இல்லை.

அதே 2021இல், பிப்ரவரியிலும் மார்ச்சிலுமாக, கேரளத்தில் தங்கள் 25ஆவது சர்வதேசத் திரைப்பட விழாவைத் திருவனந்தபுரம், கொச்சி, தலச்சேரி, பாலக்காடு என்று நான்கு ஊராகப் பிரித்து நடத்தி முடித்தார்கள். கூட்டம் ஒரே இடத்தில் சேரக் கூடாது, விழாவும் நிற்கக் கூடாது. இரண்டையும் யோசிக்க ஆள் இருந்தார்கள். நாங்கள் கேட்டது மாதம் ஒரு சாயங்காலம், நாற்காலிக்கு நாற்காலி ஆறடி தள்ளிப் போட்டு இருபது பேர். அதற்கு யோசிக்க இங்கே ஓர் ஆள் இல்லை.

போனில் பாருங்கள் என்பவர்களுக்குச் சொல்கிறேன், அதையும் செய்து பார்த்தோம். 2020 ஜூனில் ஜூமில் கூடினோம். இலவசக் கணக்கு நாற்பது நிமிடத்தில் அறுந்துவிடும். ஓடிடியில் ஓடும் படத்தைத் திரையில் பகிர்ந்தால் எதிர்ப்பக்கம் வெறும் கறுப்பாகத் தெரியும், வசனம் மட்டும் கேட்கும். சரி, அவரவர் வீட்டில் பார்த்துவிட்டுப் பேச மட்டும் வாருங்கள் என்றோம். ஒன்பது பேர் வந்தார்கள். மற்றவர்கள் வீட்டில் இருப்பது ஒரே போன், அதில் பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பு. எங்களோடு ஏழு வருடமாக முன்வரிசையில் உட்கார்ந்த விசைத்தறித் தொழிலாளியிடம் இருந்தது பட்டன் போன்.

அந்த அண்ணன் ஒரு தடவை சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். படத்தில் ஒரு அப்பா கூலிப் பணத்தை எண்ணுகிற காட்சி. எங்கள் பார்வைக்கு அது அப்படியே போய்விட்டது. இவர் எழுந்து, "அந்த ஆளு விரலை எச்சில் தொட்டு எண்ணவே இல்ல பாருங்க. நோட்டு அவ்வளவு கம்மி" என்றார். சுக்குக் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அத்தனை பேரும் அப்படியே நின்றோம். இதை எந்தப் போன் தரும்? சொல்லுங்கள்!

இப்படிக் கூடிப் படம் பார்த்துப் பேசுவது நாங்கள் கண்டுபிடித்ததல்ல. 1947இல் கல்கத்தாவில், பின்னாளில் பெரிய இயக்குநரான சத்யஜித் ராயும் திரை விமர்சகர் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களும் இதற்காகவே திரைப்படச் சங்கம் ஆரம்பித்தார்கள். 1959இல் சங்கங்களெல்லாம் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்துக்கொண்டன. தூதரகங்களிலும், பின்னால் 1964இல் வந்த புனே திரைப்பட ஆவணக் காப்பகத்திலும் கேட்டு வாங்கிப் படப்பெட்டிகளை ஊர் ஊராகச் சுமந்தார்கள். படம் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த காலம் என்பீர்கள். சரி, இன்றைக்கு மட்டும் என்ன கிடைத்துவிட்டது? நாங்கள் போட்ட படங்களில் பாதி எந்த ஓடிடியிலும் இல்லை. இருக்கிற படமும் உரிமம் முடிந்தால் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போய்விடும். அப்படியே இருந்தாலும் தமிழில் சப்டைட்டில் எங்கே?

எங்களுக்கு அந்தக் குறையைத் தீர்த்தவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர். திரையிடலுக்கு ஒரு வாரம் முன்பே டிவிடியைக் கொடுத்துவிடுவோம். நிறுத்தி நிறுத்திப் பார்த்து, வசனம் முழுவதையும் தமிழில் எழுதிக்கொண்டு வருவார். அன்றைக்குத் திரைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, டார்ச் வெளிச்சம் யார் கண்ணிலும் படாதபடி அட்டையைச் சுருட்டிச் செருகிக்கொண்டு, மைக்கில் மெதுவாகப் படிப்பார். அழுகைக் காட்சியில் குரலை ஏற்ற மாட்டார். "அது அவங்க வேலை, நமக்கு அர்த்தம் சொன்னா போதும்" என்பார்.

இப்போது திறக்கிறேன் என்கிறார் நிர்வாகி. ஆனால் முன்பு கரண்டுக்கு என்று ஐந்நூறு ரூபாய் வாங்கிய இடத்தில் இப்போது வாடகை நாலாயிரம். ஞாயிறு டியூஷனுக்குக் கொடுத்தாகிவிட்டது, அதனால் வேலைநாளில் நடத்துங்கள் என்கிறார். அதற்கு மேல் ஒரு நிபந்தனை: "படத்தைப் போட்டுட்டுக் கிளம்பிடுங்க, இந்தப் பேச்சு கீச்செல்லாம் வேணாம்." எனக்கு ரத்தம் கொதித்தது. பேசுவதற்குத்தானய்யா படமே போட்டோம்!

புரொஜெக்டர் பெட்டிக்குள்ளேயே கிடந்து லென்ஸில் பூஞ்சை பிடித்துவிட்டது. கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய், கைக்காசு ஒன்பதாயிரம் போட்டுச் சரிசெய்து வைத்திருக்கிறேன். ஆசிரியருக்கு இப்போது வயது எழுபத்து நான்கு. கண்புரை அறுவைச் சிகிச்சையும் முடிந்துவிட்டது. போன வாரம் பார்க்கப் போனபோது 2020 ஏப்ரலுக்கென்று எழுதி வைத்த நோட்டை எடுத்துக் காட்டினார். பதினான்கு பக்கம், ஒரு தடவைகூட மைக்கில் படிக்காதது. "எழுத்து சின்னதா இருக்குப்பா, பெருசா ஒரு தடவை எழுதி வச்சிடறேன்" என்றார்.

ஈரோடு சுற்றுவட்டாரத்தில் யாரிடமாவது மொட்டை மாடியோ, காலி குடோனோ, மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலம் மட்டும் தர மனமிருந்தால் சொல்லுங்கள். திரை எங்களிடம் இருக்கிறது. பாய் விரித்துத் தரையில் உட்காரக்கூட நாங்கள் தயார்.