எலிக்கு எப்போது மருந்து கொடுத்தார்கள்?

மஞ்சளில் இருக்கும் குர்குமின் ஆஸ்துமாவைக் குணப்படுத்துமாம். வாட்ஸ்அப்பில் மறுபடி சுற்றத் தொடங்கிவிட்டது. ஆய்வு பொய்யில்லை. குர்குமின், குவெர்செட்டின் போன்ற தாவரப் பொருள்களைக் கொடுத்ததும் எலிகளின் நுரையீரல் அழற்சி குறைந்தது என்று சொல்லும் கட்டுரைகள் ஏராளம். ஆனால் அந்த எலிக்கு ஆஸ்துமா எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

எலிக்கு நம்மைப்போல் ஆஸ்துமா தானாக வருவதில்லை, வரவழைக்க வேண்டும். முட்டை வெள்ளைக்கருவில் உள்ள ஓவால்புமின் என்ற புரதத்தை அலுமினிய உப்போடு கலந்து வயிற்றுக்குள் ஊசி போடுவார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து இன்னொரு ஊசி. அப்புறம் அதே புரதத்தை நுண்துளிகளாக்கி மூச்சில் இழுக்க வைப்பார்கள். சில நாட்களில் நுரையீரலில் ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் குவியும், ரத்தத்தில் ஒவ்வாமைக்கான எதிர்ப்புப் புரதமான ஐஜிஇ ஏறும், சளி பெருகும். நுரையீரலைக் கழுவி எடுத்த திரவத்தில் அணுக்களை எண்ணி, அழற்சியைத் தூண்டும் புரதங்களான இன்டர்லூக்கின் 4, 5, 13 எவ்வளவு என்று அளப்பார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழுவுக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து. (முட்டை வெள்ளைக்கருவை மூச்சில் இழுத்து ஆஸ்துமா வந்தவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?)

என் பிரச்சினை இதுவல்ல. பல கட்டுரைகளில் தாவர மருந்தைக் கொடுப்பதே புரதத்தை இழுக்க வைப்பதற்குச் சற்று முன்புதான். அழற்சி முற்றுவதற்கு முன்பே மருந்து உள்ளே போய்விடுகிறது. மருத்துவரிடம் வருகிறவரோ பல வருட இழுப்போடு, சுவர் தடித்துப்போன மூச்சுக்குழாயோடு வருகிறார். வராமல் தடுத்ததை எப்படிக் குணப்படுத்தியதாகக் கணக்கு வைப்பது?

இன்டர்லூக்கின் 5 கதை இருக்கிறதே. அதைத் தடுத்தபோது எலிகளுக்கு நல்ல பலன் கிடைத்தது. 2000இல் மனிதர்களிடம் பார்த்தபோது ஈசினோஃபில்கள் குறைந்தன, மூச்சுக்குழாய் சட்டென்று சுருங்கும் தன்மை குறையவில்லை. யாருக்குப் பயன்படும் என்று பிரித்தறிந்து, ஈசினோஃபில்கள் மிகுந்த தீவிர ஆஸ்துமாவுக்கு, இன்டர்லூக்கின் 5ஐத் தடுக்கும் மெபோலிசுமாப் மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற 2015 ஆனது.

இதற்காகத் தாவரங்களை ஒதுக்கச் சொல்லவில்லை. எகிப்தியர்கள் பயன்படுத்திய கெல்லா செடியில் உள்ள கெல்லின் என்ற பொருளிலிருந்து தொடங்கிய தேடல்தான் குரோமோகிளைகேட் என்ற ஆஸ்துமா தடுப்பு மருந்தில் முடிந்தது. இங்கிலாந்தில் அதற்காக உழைத்த மருத்துவர் ரோஜர் அல்டூன்யனுக்கே ஆஸ்துமா. விலங்குச் சோதனையில் அவருக்கு நம்பிக்கை இல்லை. தனக்கு ஒவ்வாத கினிப்பன்றிச் செதில் சாற்றை மூச்சில் இழுத்து, தனக்குத்தானே இழுப்பை வரவழைத்து, ஒவ்வொரு பொருளாகச் சோதித்தார். 1965இல் பலன் கிடைத்தது. இன்றைக்கு நெறிமுறைக் குழுக்கள் இதை எளிதில் அனுமதிக்காது, சரிதான். ஆனால் மருந்து யாருக்குத் தேவையோ அவரிடமே சோதித்துக் கேட்ட மனிதர் அவர்.

எலியில் செய்வதென்றால், மனிதர்களுக்கே ஆஸ்துமாவைத் தூண்டும் வீட்டுத்தூசிச் சிற்றுண்ணியை வாரக்கணக்கில் கொடுத்து, நோய் ஊன்றிய பிறகு மருந்தைத் தொடங்கிக் காட்டட்டும். உட்கார்ந்து படிக்கிறேன்.

‘அப்போ மஞ்சள் பால் குடிக்கலாமா?’ என்று கீழே கேட்கப் போகிறவர்களுக்கு: தாராளமாகக் குடியுங்கள். குடலிலிருந்து ரத்தத்துக்குப் போகும் குர்குமின் மிகக் கொஞ்சம். இன்ஹேலரை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.