ராயல் பிளக்கும் நாலு றெக்கையும்

அக்கா: ஏன்டா, ஷெல்ஃப் மாட்டி ஒரு மணி நேரம்கூட ஆகல, புக்கோட சேர்ந்து தரைக்கு வந்துடுச்சு.

தம்பி: புக்கு வெயிட்டு ஜாஸ்திக்கா. ஸ்க்ரூ பிடிக்க சுவத்துல சொருகுன பிளக் மேல ஒரு தப்பும் இல்ல, இங்க பாரு, ஸ்க்ரூவோட முழுசா இருக்கு.

அக்கா: பிளக் முழுசாத்தான் இருக்கு. சுவர்தான் அதோட கொஞ்சம் கெளம்பி வந்திருக்கு.

தம்பி: அட விடுக்கா, ரெண்டு தீக்குச்சி உடைச்சு ஓட்டைல சொருகி, கொஞ்சம் பசை விட்டு மறுபடி அடிச்சா இந்த ஜென்மத்துக்கு அசையாது.

அக்கா: டவல் ராடுக்கும் இதே தீக்குச்சிதான் வச்ச. அந்த ஜென்மம் ரெண்டு நாள்ல முடிஞ்சுடுச்சு.

தம்பி: பாக்கெட்ல 40 கிலோ தாங்கும்னு போட்டிருக்கான்கா. நாலு பிளக், 160 கிலோ, நானே ஏறி உக்காரலாம்.

அக்கா: பாக்கெட்ல நம்பர் மட்டும்தான் கண்ணுல பட்டுச்சா, பக்கத்துல என்ன படம் போட்டிருக்கான்?

தம்பி: செங்கல்.

அக்கா: நம்ம சுவத்துல செங்கல் எங்க இருக்கு?

தம்பி: உள்ள இருக்கும்.

அக்கா: தட்டு பாப்போம்.

தம்பி: டொப்பு டொப்புங்குது.

அக்கா: செங்கல் டொப்புங்குமா?

தம்பி: ஈரமா இருக்குமோ என்னவோ.

அக்கா: சரி, ட்ரில் போட்டப்ப என்ன தூள் வந்துச்சு?

தம்பி: வெள்ளையா மாவு மாதிரி. பிட்டு பொசுக்குனு உள்ள போயிடுச்சுக்கா, நம்ம மெஷின் அப்படி.

அக்கா: மெஷின் அப்படி இல்லடா, சுவர் அப்படி. அது அரை இன்ச் ஜிப்சம் போர்டு, அதுக்குப் பின்னாடி வெறும் காத்து, இந்த லட்சணத்துல நீ ஹேமர் மோடு வேற போட்டு டமடமன்னு அடிச்சிருக்க, பின்பக்கம் எவ்வளவு பேந்திருக்கோ யாருக்குத் தெரியும்.

தம்பி: அதுக்குத்தான்கா ராயல் பிளக் போட்டேன், பேருலயே ராயல் இருக்கு.

அக்கா: ராயலும் இல்ல ராஜாவும் இல்ல. அது ராவல் பிளக், ராலிங்ஸ்னு ஒருத்தர் கண்டுபிடிச்சதால அந்தப் பேரு. ஸ்க்ரூ ஏற ஏற பிளக் விரிஞ்சு சுத்தியிருக்கிற செங்கல்ல நெருக்கிப் பிடிக்கும், அதான் அதோட வேலையே. இங்க அது யாரை நெருக்கும், மாவையா?

தம்பி: அப்ப தீக்குச்சி கூட ஒண்ணு சேத்து...

அக்கா: தீக்குச்சின்னு இன்னொரு தடவை சொன்ன, பெட்டியோட சேத்து உன்னையும் சுவத்துல சொருகிடுவேன். இந்தா, றெக்கை போல்ட் நாலு வாங்கி வச்சிருக்கேன். றெக்கையை மடக்கி உள்ள விட்டா அந்தப் பக்கம் படக்குனு விரிஞ்சு போர்டோட முதுகைப் பிடிச்சுக்கும்.

தம்பி: இதுக்கு ஓட்டை பெருசா வேணுமேக்கா.

அக்கா: மடக்குன றெக்கை நுழையணும்ல. அந்தப் பொத்தலை விட்டுட்டு தள்ளிப் போடு. ஹேமர் மோடை அணைடா மொதல்ல!

தம்பி: போட்டாச்சு. விரிஞ்சாச்சு. சூப்பர்கா, இழுத்தா வரவே இல்ல. இப்ப ஸ்க்ரூவை கழட்டி பிராக்கெட்டை...

(டிங்.)

தம்பி: என்னக்கா சத்தம்?

அக்கா: றெக்கைடா. பிராக்கெட்டை மொதல்ல ஸ்க்ரூல கோத்துட்டுத்தான் உள்ள விடணும், ஸ்க்ரூவை உருவுனா றெக்கையைப் பிடிக்க அங்க யாரு இருக்கா?

தம்பி: சரி சரி புரிஞ்சுது. இந்தா, கோத்துட்டேன், விட்டாச்சு. அய்யோ, பிராக்கெட் தலைகீழா இருக்கு, ஒரு நிமிஷம்...

(டிங்.)

அக்கா: ஜோடி சேந்துடுச்சு.

தம்பி: கை வழுக்கிடுச்சுக்கா, இந்தத் தடவை பாரு.

(டிங்.)

அக்கா: குடும்பமாயிடுச்சு.

தம்பி: உள்ளருந்து எடுக்க முடியாதாக்கா?

அக்கா: சுவத்தை உடைச்சா எடுக்கலாம். இன்னொன்னும் சொல்றேன் கேளு, வீடு காட்ட வந்தவன் லைட்டு காட்னான், டைல்ஸ் காட்னான், பைப்பைத் தொறந்து தண்ணி காட்னான், எந்தச் சுவர் கெட்டி எந்தச் சுவர் பொக்குன்னு மட்டும் வாயைத் தொறக்கல. மேல பெயின்ட் அடிச்சுட்டா எல்லாம் ஒரே மாதிரிதானே. தட்டிப் பாக்கப் போனா மட்டும் "மேடம் பெயின்ட் போயிடும்"ங்குறான்.

தம்பி: இப்ப ஒரே ஒரு போல்ட்தான்கா மிச்சம்.

அக்கா: மேல போடு அதை. போட்டோ மாட்டுனா பாரம் கீழ இழுக்கும், ஷெல்ஃப் வெளிய நீட்டிக்கிட்டு நிக்குறதால மேல் ஸ்க்ரூவைத்தான் புடுங்கப் பாக்கும். இன்னொரு பிராக்கெட்டை போர்டுக்குப் பின்னாடி தாங்கிக்கிட்டு நிக்குற ஃபிரேம்லயே மாட்டிடலாம், ஃபிரிட்ஜ்ல இருக்கிற காந்தத்தை எடுத்துட்டு வா.

தம்பி: காந்தமா? உள்ள விழுந்த மூணு பேரையும் இழுக்கப் போறியா?

அக்கா: சுவத்துல தேய்ச்சுக்கிட்டே வாடா. போர்டை ஃபிரேம்ல முடுக்குன ஸ்க்ரூ தலைல ஒட்டும். மேலயும் கீழயும் ஒரே நேருக்கு ஒட்டுச்சுன்னா அங்கதான் ஃபிரேம் ஓடுது, அடுத்தது பெரும்பாலும் 400 இல்லாட்டி 600 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும்.

தம்பி: ஒட்டுதுக்கா! மேலயும் ஒட்டுது! பிட்டு இப்ப திணறுது பாரேன்.

அக்கா: திணறுனாத்தான்டா உள்ள ஏதோ இருக்குன்னு அர்த்தம்.

(அரை மணி நேரம் கழிச்சு ஷெல்ஃப் நின்னுது. புக்கும் ஏறிடுச்சு. அக்கா கை கழுவப் போனாங்க.)

தம்பி: அக்கா, லெஃப்ட் சைடு ஒரு நூல் சாஞ்சிருக்கு. புக்கை எறக்கிட்டேன், லேசா ஸ்க்ரூவை லூஸ் பண்ணி...

அக்கா: டேய், தொடாத!

(டிங்.)