தற்சார்பு வாழ்க்கைக்கு நிலம் வாங்கும்வரை காத்திருக்காதீர்கள்

தற்சார்பு வாழ்க்கை என்று பேச்சு எடுத்தாலே பலரும் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு நிலம் வேண்டும்?" இந்தக் கேள்விதான் நிறைய பேரைத் தொடங்கவே விடாமல் நிறுத்திவைக்கிறது. கடன் முடியட்டும், பிள்ளைகள் வளரட்டும், அப்புறம் ஓர் ஏக்கர் வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று வருடங்கள் ஓடிவிடுகின்றன. நிலம் கிடைத்துவிட்டாலும், மண்ணைத் தொட்டே பழகாத கைக்கு அங்கே போய் என்ன செய்வது என்று தெரியாது. மண்ணைப் பண்படுத்துவது, தண்ணீர் சேமிப்பது, விதை எடுப்பது, உடைந்ததைச் சரிசெய்வது இவையெல்லாம் பழகப் பழக வருகிற வேலைகள். இப்போது குடியிருக்கும் வீட்டிலேயே பழகலாம், வாடகை வீடானாலும் சரி.

என்னைக் கேட்டால், செடி வாங்குவதற்கு முன்னால் குப்பையில் கை வைக்க வேண்டும். செடியை வைத்துவிட்டு மண்ணுக்கும் உரத்துக்கும் மாதாமாதம் கடைக்கு ஓடினால் அதில் தற்சார்பு எங்கே இருக்கிறது?

சமையலறைக் குப்பையை மட்கு உரமாக்க, மூடி உள்ள பழைய வாளி ஒன்று போதும். அடியிலும் பக்கங்களிலும் துளை போட்டுக்கொள்ளுங்கள். காய்கறித் தோல் ஒரு பங்கு போட்டால், காய்ந்த சருகோ கிழித்த அட்டைப்பெட்டியோ இரண்டு மூன்று பங்கு போட வேண்டும். தோலில் தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகம், சருகில் கரிமம் (கார்பன்) அதிகம். தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரிமம் 25 முதல் 30 பங்கு இருந்தால் நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாக வேலை செய்யும். இதற்காகத் தராசு எடுக்க வேண்டாம், கையும் மூக்கும் போதும். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசிந்தால் பதம் சரி. ஒழுகினால் சருகு சேர்த்துக் கிளறிவிடுங்கள். உதிர்ந்துபோனால் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். அழுகல் நாற்றம் அடித்தால் உள்ளே காற்றுப் போகவில்லை என்று அர்த்தம். இறைச்சியும் எண்ணெய்ப் பண்டமும் தொடக்கத்தில் வேண்டாம், எலி வரும். சில மாதங்களில் தோலும் சருகும் அடையாளம் தெரியாமல் கலந்து, கறுப்பாக மண்வாசனையோடு இருக்கும். அதைத் தொட்டி மண்ணோடு கலக்கலாம்.

அடுத்து தண்ணீர். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 50 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 500 லிட்டர், சேதாரம் போகக் கொஞ்சம் குறையும். முதலில் வரும் தண்ணீர் தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும், அதை வெளியே விட்டுவிட வேண்டும். தொட்டியின் வாயை வலையால் கட்டாமல் விடவே கூடாது. ஒரு வாரம் பத்து நாளிலேயே முட்டை கொசுவாகிவிடும். கூரைத் தண்ணீரைப் பிடிக்க வழியில்லாதவர்களுக்குக் காய்கறி கழுவிய தண்ணீர் இருக்கிறது.

செடி விஷயத்தில் வெயில்தான் முடிவு செய்யும். ஆறு முதல் எட்டு மணி நேரம் நேர்வெயில் விழுந்தால் தக்காளி, மிளகாய் வைக்கலாம். மூன்று நான்கு மணி நேரம்தான் என்றால் கீரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பால்கனி என்றால் எடையையும் யோசியுங்கள், ஈரமண் நாம் நினைப்பதைவிடக் கனக்கும்.

விதை எடுக்கத் தெரியாதவரை ஒவ்வொரு பருவமும் கடையில் போய் நிற்க வேண்டியதுதான். வீரிய ஒட்டு ரக விதையிலிருந்து அதே குணமுள்ள அடுத்த தலைமுறை வராது, அதனால் நாட்டு ரகத்தில் தொடங்குங்கள். தக்காளியும் பீன்ஸும் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதால் கற்றுக்கொள்பவர்களுக்கு நல்லவை. பூசணி வகைகளில் தேனீ மகரந்தத்தைக் கலந்துவிடும், அவற்றைப் பிறகு பார்க்கலாம். நன்கு பழுத்த தக்காளியின் விதையைச் சாறோடு கிண்ணத்தில் வழித்து இரண்டு மூன்று நாள் புளிக்க விடுங்கள். முளைப்பதைத் தடுக்கும் வழவழப்பான உறை கரைந்துவிடும். நல்ல விதை அடியில் தங்கும், பதர் மிதக்கும். கழுவி நிழலில் உலர்த்தி, ரகத்தின் பெயரும் தேதியும் எழுதி வையுங்கள். எழுதாத விதை அடுத்த பருவத்தில் குழப்பத்தைத்தான் தரும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பால்கனியோ மாடியோ ஒரு குடும்பத்தின் முழு வயிற்றையும் நிரப்பாது. கீரையில் சத்து உண்டு, ஆனால் உடம்புக்கு வேண்டிய சக்தியில் பெரும்பகுதி தானியத்திலும் பருப்பிலும் கிழங்கிலும் எண்ணெயிலும்தான் இருக்கிறது. 1991இல் சோவியத் ஒன்றியம் உடைந்தபோது அதை நம்பியிருந்த கியூபாவுக்கு எரிபொருள் வரத்தும் உர வரத்தும் வெகுவாகச் சரிந்தன. காய்கறியை லாரியில் கொண்டுவர வழியில்லாத தலைநகர் ஹவானாவில், காலி மனைகளில் மட்கு உரம் நிரப்பிய பாத்திகள் அமைத்து மக்கள் நடந்துபோகும் தூரத்திலேயே காய்கறி விளைவித்தார்கள். அப்போதும் தானியத்தில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்துதான் வந்தது. அதனால் அந்த முயற்சி வீண் என்று யாராவது சொல்ல முடியுமா?

எல்லாவற்றையும் தனியாளாகச் செய்து காட்டுவதுதான் தற்சார்பு என்கிற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. அப்படி ஆரம்பிப்பவர்கள் சீக்கிரமே களைத்துப்போவார்கள். உங்களிடம் மட்கு உரம் மிஞ்சும். பக்கத்து வீட்டில் வெயில் நன்றாக விழும் மாடி சும்மா கிடக்கும். மூன்றாம் வீட்டில் ஒருவருக்குத் தையலோ குழாய் வேலையோ தெரிந்திருக்கும். முதல் வாளி உரம் தயாரானதும் அதில் பாதியை அந்த மாடி வீட்டுக்குக் கொண்டுபோய், சேர்ந்து செய்யலாமா என்று கேட்டுப் பாருங்கள்.