சைகடெலிக் என்றால் மின்கிதார் மட்டுமா?

இன்க்ரெடிபிள் ஸ்ட்ரிங் பேண்டின் சைகடெலிக் ஒலி, அதாவது கேட்பவரை மயக்கநிலைக்கு இட்டுச்செல்லும் ஒலி, முழுவதும் மின்கிதாரில் பிறந்தது என்று ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. 1966இல் எடின்பரோவில் உருவான அந்த நாட்டுப்புற இசைக்குழு, எலெக்ட்ரா என்ற இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட தன் தொடக்ககால ஆல்பங்களில் பெரும்பாலும் மின்னிணைப்பு இல்லாத கருவிகளையே நம்பியிருந்தது; குழுவின் ராபின் வில்லியம்சன் மொராக்கோவிலிருந்து கொண்டுவந்த கிம்ப்ரி என்ற நரம்புக் கருவி அவற்றுள் ஒன்று. 1967இல் வந்த இரண்டாம் ஆல்பத்தில் சித்தாரும் தம்புராவும் வாசித்தவர், ‘சோமா’ என்ற புனைபெயரில் குறிப்பிடப்பட்ட இந்திய இசை ஆய்வாளர் நசீர் ஜைராஸ்போய். மின்கிதார் பின்னாளில் சேர்ந்தது உண்மைதான். ஆனால் 1968இல் குழுவின் மற்றோர் உறுப்பினர் மைக் ஹெரன் எழுதிய 13 நிமிடப் பாடல், பஹாமாஸ் தீவின் பக்திப் பாடலொன்றை உள்ளிழுத்துக்கொண்டு, சேர்ந்திசைக்கும் குரல்களால் அந்த மயக்கத்தை உண்டாக்குகிறது. அதற்கு மின்கிதார் தேவைப்படவில்லை.