எட்டு மூலை வீடும் இரண்டு சம்பந்திகளும்

(சான் பிரான்சிஸ்கோ, காஃப் தெரு. பேரன் பிறந்து பதினாறு நாள். "இரண்டு அம்மாவும் கொஞ்சம் காற்றாட நடந்துவிட்டு வாருங்களேன்" என்று வீட்டில் கெஞ்சி அனுப்பியிருக்கிறார்கள். பூட்டிய கேட்டுக்கு உள்ளே, உச்சியில் கண்ணாடிக் கூண்டு வைத்த ஒரு பழைய வீடு.)

பெண்ணின் அம்மா: அடடா, பூட்டியிருக்கிறதே! மாதத்தில் சில நாள்தான் திறப்பார்கள். போன தடவை நான் வந்தபோது திறந்திருந்தது.

பையனின் அம்மா: அதனால் என்ன, நீங்கள் பார்த்தது நான் பார்த்த மாதிரி. முதல் பிரசவத்துக்கு என்னை யார் கூப்பிட்டார்கள்? சரி, இதென்ன வீட்டுக்கு இத்தனை மூலை?

பெண்ணின் அம்மா: எட்டு. 1861-இல் மெக்கெல்ராய் என்பவர் கட்டினார். ஃபௌலர் என்று ஒருத்தர் இருந்தார், மண்டையைத் தடவிப் பார்த்துக் குணம் சொல்கிறவர். எட்டு மூலை வைத்தால் வெளிச்சம் வரும், காற்று வரும், நோய் அண்டாது என்று 1848-இல் புத்தகமே போட்டார். அமெரிக்கா முழுக்க அந்தப் பைத்தியம் பரவிவிட்டது.

பையனின் அம்மா: மண்டையைத் தடவுகிறவர் பேச்சைக் கேட்டா வீடு கட்டுவார்கள்?

பெண்ணின் அம்மா: வாஸ்துக்காரர் சொன்னார் என்று நீங்கள் கட்டி முடித்த சமையலறையை இடிக்கவில்லையா?

பையனின் அம்மா: அது அக்னி மூலை விஷயம். இங்கே எட்டில் எது அக்னி, எது கன்னி என்று எப்படித் தெரியும்?

பெண்ணின் அம்மா: அந்த மனுஷர் கணக்கும் சொன்னார். அதே நீளச் சுவரைச் சதுரமாக வளைக்காமல் எட்டு மூலையாக வளைத்தால், ஐந்தில் ஒரு பங்கு இடம் கூடுதலாகக் கிடைக்குமாம்.

பையனின் அம்மா: கிடைக்கும், முக்கோண முக்கோணமாக. பீரோவை எங்கே வைப்பது? பின்னால் தோடு விழுந்தால் யார் எடுப்பது?

பெண்ணின் அம்மா: அவர் நியூயார்க் பக்கம் தனக்கென்று கட்டிய வீட்டை 1897-இல் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள்.

பையனின் அம்மா: பார்த்தீர்களா? கன்னி மூலை.

பெண்ணின் அம்மா: இது 1906 பூகம்பத்துக்கே அசையவில்லை. தீயும் இரண்டு தெரு தள்ளி, வான் நெஸ் சாலையோடு நின்றுவிட்டது. அப்புறம்தான் கவனிக்க ஆளில்லாமல் பாழடைந்தது. 1950-களின் தொடக்கத்தில், காலனியல் டேம்ஸ் என்ற பெண்கள் சங்கம் ஒரே ஒரு டாலருக்கு வாங்கியது.

பையனின் அம்மா: ஒரு டாலரா! நேற்று நாம் வாங்கிய கொத்தமல்லிக் கட்டு?

பெண்ணின் அம்மா: அதைவிட மலிவு. ஆனால் ஒரு நிபந்தனை. மனை எங்களுக்கு வேண்டும், வீட்டை நீங்கள் தூக்கிக்கொண்டு போங்கள் என்று விற்றவர்கள் சொல்லிவிட்டார்கள்.

பையனின் அம்மா: (சிரித்து) "எங்களுக்கு ஒன்றும் வேண்டாம், உங்கள் பெண்ணுக்கு நீங்கள் பார்த்துச் செய்வதுதான்" என்கிற மாதிரி.

பெண்ணின் அம்மா: நீங்களே சொல்லிவிட்டீர்கள். நாற்பது பவுன் பார்த்துச் செய்தோம்.

பையனின் அம்மா: முப்பத்தெட்டு. சரி, வீட்டை எங்கே கொண்டுபோனார்கள்?

பெண்ணின் அம்மா: இங்கேதான். முன்பு எதிர்ச்சாரியில் இருந்தது. அப்படியே பெயர்த்துத் தெருவைக் கடத்திக் கொண்டுவந்து இறக்கினார்கள். பக்கத்து வீட்டு ஆலைன் சகோதரிகள் இடம் கொடுத்தார்களாம்.

பையனின் அம்மா: நம் வீட்டு கிரைண்டரை ஹாலிலிருந்து பால்கனிக்கு நகர்த்த உங்கள் மாப்பிள்ளைக்கு நான்கு மாதம் ஆகிறது. இந்தப் பெண்களைக் கூப்பிட வேண்டும். அந்தச் சங்கத்தில் நாமும் சேரலாமா? நம் ஊர் மாதர் சங்கத்தில் ஐம்பது ரூபாய் கொடுத்தால் ரசீதும் டிபனும் தருவார்கள்.

பெண்ணின் அம்மா: இங்கே நடக்காது. 1776-க்கு முன்னாலேயே உங்கள் முன்னோர் இந்த நாட்டுக்கு வந்திருக்க வேண்டும். வந்தால் போதாது, ஊருக்கு ஏதாவது தொண்டும் செய்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று அத்தாட்சி கேட்பார்கள். நிச்சயத்துக்கு முன்னால் எங்கள் தெருவில் பால்காரரிடம்கூட விசாரித்தீர்களே, அதைவிடக் கடுமை.

பையனின் அம்மா: பால்காரரிடம் நான் கேட்கவில்லை, என் நாத்தனார் கேட்டாள். பேரன் இங்கேதானே பிறந்திருக்கிறான், அவனுக்குப் பெண் பிறந்தால்?

பெண்ணின் அம்மா: இருநூற்றைம்பது வருஷம் பிந்திவிட்டான்.

பையனின் அம்மா: டாக்டர் சொன்ன தேதிக்கே மூன்று நாள் பிந்தித்தான் பிறந்தான். உங்கள் பக்கத்து வழக்கம். சரி, உள்ளே என்னதான் இருக்கிறது?

பெண்ணின் அம்மா: பழைய நாற்காலி, வெள்ளிப் பாத்திரம். அப்புறம் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்ட 56 பேரில் 54 பேருடைய கையெழுத்து.

பையனின் அம்மா: மீதி இரண்டு பேர்?

பெண்ணின் அம்மா: கிடைக்கவில்லை போலிருக்கிறது.

பையனின் அம்மா: அந்த இரண்டு வீட்டாரும் சும்மாவா இருக்கிறார்கள்? கல்யாணப் பத்திரிகையில் ஒரு பெயர் விட்டுப்போனதற்கு எங்கள் சித்தப்பா முகூர்த்தத்துக்குக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்கு வெளியே நின்றார்.

பெண்ணின் அம்மா: எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பந்திக்கு முதலில் அவர்தான் உட்கார்ந்தார். இதைக் கேளுங்கள். வீட்டைச் செப்பனிட்டபோது மாடிப்படிக்கு அடியில் ஒரு தகர டப்பா. உள்ளே மெக்கெல்ராய் 1861-இல் எழுதிவைத்த கடிதம்! பின்னால் யாராவது எடுத்துப் படிக்கட்டும் என்று தன் கதையை எழுதிவைத்திருக்கிறார்.

பையனின் அம்மா: (சற்று யோசித்து) நாமும் ஒன்று எழுதி வைப்போமா? அரிசி டப்பாவுக்கு அடியில்.

பெண்ணின் அம்மா: என்னவென்று?

பையனின் அம்மா: பிள்ளைக்கு உரை மருந்து உரைத்தது யார், இரவெல்லாம் தொட்டில் ஆட்டியது யார் என்று.

பெண்ணின் அம்மா: எழுதலாமே. பத்திய ரசம் வைத்தது யார், அதில் உப்புப் போட மறந்தது யார் என்பதையும் சேர்க்கலாம்.

பையனின் அம்மா: கிரைண்டர் நாங்கள் வாங்கிக் கொடுத்தது. அதை முதல் வரியில் போடுங்கள்.

பெண்ணின் அம்மா: போடுகிறேன். கீழே கையெழுத்து? முதலில் நீங்களே போடுங்கள், பிள்ளை வீட்டார்.

பையனின் அம்மா: ஐயையோ, நீங்கள் போடுங்கள். வாசித்துப் பார்த்துவிட்டு நான் போடுகிறேன்.