ஜாமீன் கையெழுத்து

போன ஞாயிறு இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில், கோயிலில் ஆடிக் கஞ்சி. பின்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். "பெரிய நாடுகள் நினைத்தால்தான் சண்டை, சின்ன நாடுகள் வெறும் ஏவலாட்கள்" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியப்பா. கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். கண்ணீர் வெங்காயத்தால் வந்தது, கோபம் அவரால்.

தொலைவில் தேட வேண்டாம், ஆப்பிரிக்காவிலேயே இருக்கும் அங்கோலாவின் உள்நாட்டுப் போர் போதும். 1975 நவம்பரில் கியூபாவின் காஸ்ட்ரோ அங்கே படை அனுப்பியபோது மாஸ்கோவிடம் அனுமதி கேட்கவில்லை. ஒரு கோடிப் பேர்கூட இல்லாத தீவு, பழைய பிரிட்டானியா விமானங்களில் ஆட்களை ஏற்றியது. அமெரிக்காவோடு சுமுகம் தேடிய சோவியத் தலைவர் பிரெஷ்னேவுக்கு இது தலைவலி. ஆனால் கூட்டாளி தோற்றால் யார் முகத்தில் கரி? 1976 ஜனவரியில் சோவியத் விமானங்களே கியூப வீரர்களை ஏற்றிச் சென்றன.

அன்றைய தென்னாப்பிரிக்கப் பிரதமர் வோர்ஸ்டரும் எதிரணிக்காக அதே ஆட்டம்தான் ஆடினார். வாஷிங்டன் பின்னால் வரும் என்று நம்பி அக்டோபரில் படையை உள்ளே அனுப்பினார். டிசம்பரில் அமெரிக்க செனட் அங்கோலாவுக்கான ரகசியப் பணத்தை நிறுத்த வாக்களித்தது; மார்ச்சில் நம் படை திரும்பியது. (நம் படை என்று எழுதக் கை கூசுகிறது. வரி கட்டினோம், ஆனால் இந்தியர்களுக்கு அன்று வாக்குரிமை கிடையாது.) பிறகு பிரிட்டோரியாவே, அதாவது தென்னாப்பிரிக்க அரசே, தான் ஆதரித்த அங்கோலாக் கிளர்ச்சித் தலைவர் சவிம்பியிடம் மாட்டிக்கொண்டது. அவர் தடுமாறியபோதெல்லாம் ஓடிப்போய்த் தூக்கி நிறுத்தி, 1987இல் அங்கோலாவின் தென்கிழக்கிலுள்ள குயிட்டோ குவனவாலே வரை போய்ச் சிக்கியது. கொர்பச்சோவ் வாஷிங்டன் புறப்படவிருந்த அந்த நவம்பரிலும் காஸ்ட்ரோ மாஸ்கோவைக் கேட்காமலே கூடுதல் படை அனுப்பத் தீர்மானித்தார்.

காஸ்ட்ரோ செய்தது எனக்கு உவப்பானதுதான். தென்னாப்பிரிக்காவின் பிடியில் இருந்த நமீபியா 1990இல் விடுதலை பெற்றதில் அதற்குப் பங்குண்டு. அதற்காக அவர் சோவியத்தை இழுத்துவிடவில்லை என்று சொல்லிவிட முடியாது.

இதை எனக்குப் புரியவைத்தது வரலாற்றுப் புத்தகமல்ல, எங்கள் வீடு. அம்மாவின் தம்பி காய்கறி லாரி வாங்க அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டார். கையெழுத்து விழுந்ததும் மாமாவுக்குத் துணிச்சல் வந்துவிட்டது; சொல்லாமல் கொள்ளாமல் இரண்டாவது லாரியும் வாங்கினார். தவணை நின்றது. "அவனைக் கைகழுவிவிடு" என்று பாட்டி கத்தினாள். "கையெழுத்து என்னுடையதாயிற்றே, அம்மா" என்றார் அப்பா. 1914 ஜூலையில் ஜெர்மனி ஆஸ்திரியாவுக்குக் கொடுத்த வாக்குறுதியை 'வெற்றுக் காசோலை' என்று படித்தபோது எனக்கு அந்த லாரிதான் நினைவுக்கு வந்தது.

பெரியப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கஞ்சியை ஒருமுறை துழாவிவிட்டு, "அந்த இரண்டாவது லாரி என்ன ஆயிற்று?" என்றார்.

டயரில்லாமல் எங்கள் வாசலில் நின்றது. அதற்குள் கோழி அடைத்திருந்தோம்.