இறப்பு வேற, இரப்பு வேற

நம்ம தெரு அண்ணாச்சி செத்ததுக்கு அடிச்ச அஞ்சலி பேனர்ல ஒரு எழுத்துப் பிழை. அந்த விஷயம் உங்க எல்லாருக்கும் தெரியும், மறுபடி போட்டோ போட மாட்டேன். ஆனா தப்பா அடிச்சவங்களை விட்டுட்டு தப்புன்னு சொன்ன என்னைத்தான் எல்லாரும் திட்டிக்கிட்டு இருக்கீங்க. பொறுத்துப் பாத்தேன், முடியல.

பிறப்புன்னு சரியா அடிச்சவங்க, அதுக்குக் கீழயே "இரப்பு"ன்னு அடிச்சு பக்கத்துல தேதி போட்டிருந்தாங்க. இறப்புன்னா சாவு. இரப்புன்னா பிச்சை எடுக்கிறது. இரப்பாளிங்கிறோமே, அந்த இரப்பு. அண்ணாச்சியோட கடன் நோட்டுல நம்ம தெருவே இருந்துச்சு, அவர் பேரு யார் நோட்டுலயும் இருந்ததில்ல. அந்த மனுஷன் படத்துக்குக் கீழ, மாலையோட, அந்த வார்த்தை. எனக்கு நெஞ்சு எரிஞ்சுது.

"பேசும்போது ரெண்டும் ஒரே சத்தம்தானே"ங்கிறீங்க. நம்மள்ல முக்கால்வாசிப் பேர் வாயில ஒண்ணாயிடுச்சு, ஒத்துக்கறேன். ஆனா தொல்காப்பியர், எழுத்து எப்படிப் பிறக்குதுன்னு சொல்ற பிறப்பியல்ல, ரகரத்துக்கு நுனிநாக்கு அண்ணத்தை வருடணும், றகரத்துக்கு ஒற்றணும்னு தனித்தனியா சொல்லியிருக்கார். மலையாளத்துல இன்னைக்கும் கர வேற, கற வேற, நம்ம கரையும் கறையும்தான் அது, அவங்க வாயிலயே அந்த வித்தியாசம் கேக்கும். நமக்குக் காதுல போயிடுச்சு, அப்ப எழுத்துதானே மிச்சம் இருக்கிற ஒரே காவல்? அதையும் விட்டுட்டா?

"மொழின்னா மாறத்தான் செய்யும்." மாறட்டும், நான் எழுதுறதே பேச்சுத் தமிழ்தான். ஆனா 1062வது குறள் "இரந்தும் உயிர்வாழ்தல் வேண்டின்"னு ஆரம்பிக்குது. பிச்சை எடுத்துத்தான் வாழணும்னு ஒருத்தனுக்கு விதின்னா, இந்த உலகத்தைப் படைச்சவனே கெட்டு அலையட்டும்னு வள்ளுவர் சாபமே விடுறார். அங்க ஒரு ற போட்டுப் பாருங்க, செத்தும் உயிர் வாழணும்னு ஆயிடும். அவ்ளோ பெரிய கோபம் ஒரே எழுத்துல செத்துப்போகும். இதை மாற்றம்னு சொல்லாதீங்க.

"துக்க வீட்ல போய் இலக்கணம் பேசுறதா"ன்னு கேட்டது என் கூடப் படிச்சவன். டேய், நான் துக்க வீட்டுக்குள்ள வாயே திறக்கல. பேனர் அடிச்ச இடத்துக்குத்தான் போன் பண்ணேன், மெதுவாத்தான் சொன்னேன். "புரிஞ்சா போதும் சார்"னு கட் பண்ணிட்டாங்க. இதுல நான் யாரை அவமானப்படுத்தினேன்?

ரொம்ப வலிச்சது இன்னொண்ணு. படிக்காத தொழிலாளியை மட்டம் தட்டுறேனாம். எங்க தாத்தா அச்சகத்துல எழுத்துக் கோத்தவர், அஞ்சாம் கிளாஸைத் தாண்டாதவர். ஈய எழுத்துல ரவுக்கு ஒரு குழி, றவுக்கு ஒரு குழி, கை அந்தந்த இடத்துக்குத் தானா போகும். கருமாதி பத்திரிகைன்னா ரெண்டு தடவை ப்ரூஃப் பாப்பார், கல்யாணப் பத்திரிகையையாவது திருத்தி அடிக்கலாம்டா, செத்தவன் வந்து திருத்திக் கேக்க மாட்டான்னு சொல்வார். தொழிலாளின்னா அவரும் தொழிலாளிதான். ஏழைக்குத் தமிழ் வராதுன்னு நீங்கதான் சொல்றீங்க, நான் சொல்லல.

இப்ப போன்ல இங்கிலீஷ் எழுத்துல தட்டுறோம், பாதிப் பேர் ரெண்டுக்கும் அதே 'ஆர்'தான் அடிக்கிறோம், அது எதைக் காட்டுதோ அதை எடுத்துப் போட்டுடறோம். பிழை திருத்தியும் இதைப் பிடிக்காது, ஏன்னா இரப்புங்கிறதும் சரியான வார்த்தைதான், சிவப்புக் கோடு வராது. மனுஷக் கண்ணுதான் பாக்கணும்.

ஆதார்ல உங்க பேருல ஒரு இங்கிலீஷ் எழுத்து மாறிட்டா இ-சேவை மையத்துல கால் கடுக்க நிக்கிறீங்க, லீவு போட்டு அலையறீங்க, அது பேரு இல்ல வேற எவனோ பேருன்னு சண்டை போடுறீங்க. சரிதான், போடணும். ஆனா தமிழ்ல செத்தவரைப் பிச்சைக்காரராக்கினா மட்டும் புரிஞ்சா போதுமா? 2004ல செம்மொழின்னு அறிவிச்சப்ப நம்ம தெருவுலயே வெடி வெடிச்சீங்களே, அதே ஆளுங்கதானே நீங்க?

பெரிய ஆள் மாதிரி பேசுறேன்னு நினைச்சா அன்ஃப்ரெண்ட் பண்ணிட்டுப் போங்க. அஞ்சலி பேனர், காரியப் பத்திரிகை எதுவா இருந்தாலும் அடிக்கிறதுக்கு முன்னாடி எனக்கு அனுப்புங்க, ராத்திரி எத்தனை மணின்னாலும் பாத்துத் தர்றேன், காசு வேண்டாம்.